வாங்கிய வட்டைப் பற்றி என்ன எழுத வேண்டும்?

நான்காம்வரிசை (கோவில்பட்டி)

காசு கொடுத்து டிவிடியும் ப்ளூரேயும் வாங்குகிறவர்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். ஒரு வட்டை வாங்கலாமா என்று இணையத்தில் தேடினால், வாங்கியவர்கள் எழுதியிருப்பதில் பெரும்பகுதி படத்தின் கதையாகவே இருக்கிறது. நாயகன் யார், இடைவேளையில் என்ன திருப்பம், நகைச்சுவை எடுபட்டதா இல்லையா. இவற்றையெல்லாம் படம் வெளியான வாரமே பத்திரிகைகள் எழுதித் தீர்த்துவிட்டன. படம் எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்துதானே வட்டைத் தேடுகிறேன்!

எனக்குத் தெரிய வேண்டியவை வேறு. இந்த வட்டில் படம் முழுமையாக இருக்கிறதா? அகலத்திரைப் படத்தின் இரண்டு ஓரங்களையும் வெட்டிப் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஏற்பச் சுருக்கிவிட்டார்களா? படம் நெடுக மூலையில் நிறுவனத்தின் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறதா? உருக்கமான காட்சியின் அடியில் கடை விளம்பரம் ஓடுகிறதா? உறையில் ஆறு தட ஒலி என்று அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையில் பழைய ஒற்றைத் தட ஒலியைத்தான் எல்லா ஒலிபெருக்கியிலும் பரப்பிவிட்டிருக்கிறார்களா? இவற்றுக்குப் பதில் சொல்லக்கூடியவர் காசு கொடுத்து வாங்கி, வீட்டில் போட்டுப் பார்த்தவர் ஒருவர்தான். விமர்சகர் திரையரங்கில் பார்த்ததை எழுதுகிறார். வட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

1973இல் வந்த ராஜராஜ சோழன்தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அதற்குப் பின் வந்த எத்தனையோ அகலத்திரைப் படங்கள் வீடியோ கேசட்டிலும் விசிடியிலும் பாதி முகங்களோடுதான் நமக்குக் கிடைத்தன. இருவர் பேசும் காட்சியில் ஒருவருடைய மூக்கு மட்டும் தெரியும். இதை யாராவது ஒருவர் முன்பே எழுதி வைத்திருந்தால் அடுத்தவர் காசு மிஞ்சியிருக்கும்.

ஆகவே இங்கே எழுதுகிறவர்கள் கதையை விட்டுவிட்டு வட்டைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். எதைச் சோதிக்கலாம், எப்படிச் சோதிக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெருமுனை (சேலம்)

நோக்கம் நல்லது. ஆனால் காலம் கடந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. நெட்ஃபிளிக்ஸ் அமெரிக்காவில் அஞ்சலில் வட்டு அனுப்பும் சேவையை 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. ப்ளூரே கருவிகளைச் செய்துவந்த பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. எங்கள் ஊரில் டிவிடி விற்ற கடைகளில் இப்போது கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. உழைத்து எழுதுவதென்றால் படத்தைப் பற்றியே ஆழமாக எழுதலாமே? பழைய படங்களைப் பற்றி நல்ல எழுத்து தமிழில் இன்னும் போதாது.

நான்காம்வரிசை (கோவில்பட்டி)

தெருமுனை, படத்தைப் பற்றி எழுதுவதை நான் தடுக்கவில்லை. அதற்கு வேறு இழைகள் இருக்கின்றன. வட்டு அருகிவருகிறது என்பதால்தான் இது இப்போது அவசரம். புதிதாக அச்சிடப் போவதில்லை என்றால், ஏற்கெனவே வந்த வட்டுகளில் எது உருப்படியானது என்பதை யாராவது குறித்து வைக்க வேண்டும். பழைய புத்தகக் கடையிலும் இணையத்திலும் கைமாறி வரும் வட்டுகளைத்தான் இனி வாங்கப் போகிறோம். ஒரே படத்துக்கு மூன்று நிறுவனங்களின் வெளியீடு இருக்கும். மூன்றிலும் ஒரே சுவரொட்டிப் படம் இருக்கும். எதை எடுப்பது?

ஓடிடியில் வருவதும் பல நேரம் அதே பழைய தொலைக்காட்சிப் பிரதிதான். அங்கே ஓரம் வெட்டியிருந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. வட்டில் வேறொரு பிரதியைத் தேடிப் போகலாம்.

கார்பன்விளக்கு (திண்டுக்கல்)

திரையரங்கில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். கார்பன் குச்சி எரித்த காலத்திலிருந்து செனான் விளக்கு வரை பார்த்திருக்கிறேன். தம்பி கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றைச் சொல்கிறேன்.

படம் முழுமையாக இருக்கிறதா என்பதற்கு உறையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை நம்பாதீர்கள். தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வருகிறதா என்று பாருங்கள். அதில் படத்தின் நீளம் எழுதியிருக்கும். பழைய படமென்றால் அடியில், பிற்பாடு வந்ததென்றால் மீட்டரில். எத்தனை ரீல் என்பதும் இருக்கும். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்குப் பதினாறு கட்டங்கள், அதாவது பிரேம்கள். நொடிக்கு இருபத்து நான்கு கட்டங்கள் ஓடுகின்றன. அப்படியானால் நிமிடத்துக்குச் சரியாக 90 அடி. மீட்டரில் 27.43. சான்றிதழில் 4,389 மீட்டர் என்று இருந்தால் 27.43ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், 160 நிமிடம் வரும். வட்டு 148 நிமிடத்தில் முடிந்தால் பன்னிரண்டு நிமிடம் எங்கே என்று கேட்கலாம். பெரும்பாலும் இரண்டு பாட்டும் ஒரு நகைச்சுவைப் பகுதியும் போயிருக்கும்.

இன்னொன்று. வட்டை எதிலிருந்து எடுத்தார்கள் என்று தெரிய வேண்டுமா? ரீல் முடியும் இடத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். சில நொடி கழித்து இன்னொரு புள்ளி. முதல் புள்ளிக்கு அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரை ஓடவிடுவோம், இரண்டாவதற்கு மாற்றுவோம். வட்டில் அந்தப் புள்ளிகள் தெரிந்தால் அது திரையரங்குக்குப் போன பிரதியிலிருந்து எடுத்தது, படம்பிடித்த மூல நெகட்டிவிலிருந்து அல்ல. தூசியையும் பாருங்கள். நெகட்டிவில் ஒட்டிய தூசி திரையில் வெள்ளையாக வரும், ஓடிய பிரதியில் ஒட்டியது கறுப்பாக வரும். கறுப்புப் பொட்டும் நெடுங்கோடும் நிறைய இருந்தால் எங்களைப் போன்றவர்கள் ஊர் ஊராக ஓட்டித் தேய்த்த பிரதி அது.

மறுசீரமைத்தது என்று உறையில் அச்சிட்டிருப்பார்கள். மேற்சொன்னவற்றைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

பனிவெளி (டொரொன்டோ)

கார்பன்விளக்கு ஐயாவுக்கு மிக்க நன்றி. இப்படி ஒரு கணக்கு இருப்பது இன்றுதான் தெரியவந்தது. என் அலமாரியில் உள்ள இறுவட்டுகளை இந்த வார இறுதியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

ஒரு சிக்கல். என்னிடம் உள்ள பலவற்றில் தணிக்கைச் சான்றிதழே இல்லை. நிறுவனத்தின் சின்னம் வந்ததும் நேரே படம் தொடங்கிவிடுகிறது. அவற்றுக்கு என்ன செய்வது?

நான் செய்வதைச் சொல்கிறேன். எங்கள் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டபோது கொண்டுவந்த சிறு பெட்டியில் படப் பாட்டுப் புத்தகங்களும் இருந்தன. திரையரங்கு வாசலில் விற்பார்களே, கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிப்பார்களே, அவைதான். அதில் உள்ள பாட்டு வரிசையை வைத்துக்கொண்டு இறுவட்டைச் சரிபார்ப்பேன். ஒரு பாட்டு குறைந்தால் உடனே தெரிந்துவிடும். இங்கே தமிழ்க் கடையில் வாங்கிய ஒரு படத்தில் தாலாட்டு முழுவதுமாக இல்லை. அம்மா அந்தத் தாலாட்டுக்காகவே அந்தப் படத்தைக் கேட்டிருந்தார். கடைக்காரர் பெட்டி திறந்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார். அன்றைக்கே இதை எழுதி நாலு பேருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று தோன்றியது.

கார்பன்விளக்கு (திண்டுக்கல்)

பாட்டுப் புத்தகம் நல்ல சாட்சி அம்மா. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். படம் வெளியாகும் முன்பே புத்தகம் அச்சாகிவிடும். பிறகு நீளம் கருதித் தயாரிப்பாளரே ஒரு பாட்டை எடுத்திருப்பதும் உண்டு. அந்தப் பாட்டு திரையரங்கிலேயே வந்திருக்காது. ஊரில் அந்தப் படத்தைப் பார்த்த இரண்டு பெரியவர்களைக் கேட்டுவிட்டு எழுதினால் வட்டு வெளியிட்டவர் மீது வீண்பழி விழாது.

சுருதிப்பெட்டி (தஞ்சாவூர்)

ஆபரேட்டர் ஐயாவின் கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். டிவிடியில் இரண்டு தொலைக்காட்சி முறைகள் உள்ளன, பால் (PAL) என்றும் என்டிஎஸ்சி (NTSC) என்றும். பால் முறையில் நொடிக்கு 25 கட்டங்கள். 24 கட்டமாக எடுத்த படத்தை 25 கட்டமாக ஓட்டினால் படம் நான்கு விழுக்காடு வேகமாக முடியும். அந்த 160 நிமிடப் படம் பால் வட்டில் 153 நிமிடம் 36 நொடியில் முடிந்தால் ஒன்றும் வெட்டப்படவில்லை என்று பொருள். என்டிஎஸ்சி வட்டில் படத்தின் வேகம் மாறாது, அதில் அதே 153 நிமிடம் என்றால் ஏறக்குறைய ஏழு நிமிடம் காணோம். ஆகவே விமர்சனத்தில் நேரத்தை எழுதும்போது எந்த முறை என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.

எனக்கு இதில் உள்ள வேதனை வேறு. வேகம் கூடும்போது ஒலியைத் தனியாகச் சரிசெய்யாமல் விட்டால் சுருதியும் ஏறிவிடுகிறது. ஏற்றம் அரைக் கட்டையில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக வரும். அரைக் கட்டையாக இருந்தாலாவது அடுத்த சுருதியில் போய் நிற்கும். இது எந்தச் சுருதியிலும் சேராத இடத்தில் தொங்குகிறது. தம்புராவோடு உட்கார்ந்து பழைய பாட்டுகளைப் பாடிப் பழகுகிறவர்களுக்கு வட்டில் வரும் பாட்டோடு சேர முடியாது. ஆண் குரலின் கனம் கொஞ்சம் மெலிந்துவிடும். நான்கு நிமிடப் பாட்டு பத்து நொடி முன்னதாகவே முடிந்துவிடும். பல வீடுகளில் ஒரு தலைமுறையே அந்தப் பாட்டுகளை அந்தச் சுருதியில்தான் கேட்டு வளர்ந்திருக்கிறது.

சோதிப்பது எளிது. கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி இருக்கிறது. வட்டில் உள்ள பாட்டையும் இசைத்தட்டிலோ கேசட்டிலோ உள்ள அதே பாட்டையும் வைத்துப் பாருங்கள். படத்துக்கும் இசைத்தட்டுக்கும் தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்த பாட்டுகளும் உண்டு என்பதால், ஒரு பாட்டோடு நிறுத்தாமல் இரண்டு மூன்றைப் பாருங்கள். எல்லாமே ஒரே அளவில் ஏறியிருந்தால் அது வட்டின் வேகம்தான்.

ஒளிப்புள்ளி (சென்னை)

இதுவரை வந்தவை காதால் கேட்டும் கடிகாரத்தைப் பார்த்தும் சொல்பவை. படத்தின் தரத்தைப் பற்றிச் சொல்வதென்றால் சான்று வேண்டும். 'தெளிவாக இருக்கிறது', 'பளிச்சென்று இருக்கிறது' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. வட்டிலிருந்து நேரடியாக எடுத்த நிலைப்படங்களைப் போடுங்கள். பழைய வெளியீட்டின் அதே கட்டத்தையும் பக்கத்தில் போடுங்கள். பார்க்கிறவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.

சாதாரண ரசிகர்கள் இப்படிச் செய்ததால் நடந்த நன்மை வரலாற்றில் இருக்கிறது. கிளாடியேட்டர் படத்தின் ப்ளூரே 2009இல் வந்தபோது, தூசியைக் கணினியால் துடைத்ததில் தொடக்கப் போர்க்காட்சியில் பறக்க வேண்டிய தீ அம்புகளில் சில காணாமல் போயிருந்தன. துடைக்கும் மென்பொருள் அம்பைக் கீறல் என்று எடுத்துக்கொண்டது. வாங்கியவர்கள் கட்டம் கட்டமாக ஒப்பிட்டுக் காட்டினார்கள். 2010இல் நிறுவனம் புதிய பிரதியை வெளியிட்டது. அதே 2010இல் மறுபடி வந்த பிரிடேட்டர் ப்ளூரேயில் பிலிமின் மணித்தன்மையை (கிரெய்ன் என்பார்களே, அந்தப் பொடிப்பொடியான தன்மையை) முழுக்க வழித்தெடுத்ததால் நடிகர்களின் முகம் மெழுகுப் பொம்மை போல ஆனது. கடையில் உறையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியுமா? நிலைப்படத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும்.

நிறத்துக்கும் இது பொருந்தும். தி ஃபிரெஞ்ச் கனெக்ஷன் படத்தின் 2009 ப்ளூரேயில் இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின் தன் விருப்பப்படி நிறத்தையே மாற்றினார். படத்தை எடுத்த ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மனே அதை வெளிப்படையாகக் கண்டித்தார். 2012இல் வேறு நிறத்தில் மறுபடி வெளியிட்டார்கள். இயக்குநர் ஒப்புதல் என்று உறையில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கார்பன்விளக்கு (திண்டுக்கல்)

தம்பி ஒளிப்புள்ளி, நிலைப்படம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதையே தீர்ப்பாக வைக்காதீர்கள். படம் என்பது ஓடுவது. பிலிமில் உள்ள மணி ஒரு கட்டத்தில் ஓரிடத்தில் இருக்கும், அடுத்த கட்டத்தில் வேறிடத்தில் இருக்கும். ஓடும்போது கண் அதை உயிர்ப்பாக உணரும். நிறுத்திப் பார்த்தால் அழுக்குப் போலத் தெரியும். நிறுத்திய படத்தைப் பார்த்துவிட்டு 'மணல் கொட்டியது போல இருக்கிறது, துடையுங்கள்' என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்கள் கேட்டதைக் கொடுத்ததுதானே நீங்கள் சொல்லும் மெழுகு முகம்?

நிறத்தைப் பற்றி இன்னும் எச்சரிக்கை தேவை. 1956இல் வந்த அலிபாபாவும் 40 திருடர்களும் கேவா கலர் பிலிமில் வந்தது. எழுபதுகளில் ஆர்வோ கலரில் நிறையப் படங்கள். ஈஸ்ட்மன் கலர் பிரதிகள் சில ஆண்டுகளில் நீலமும் பச்சையும் வெளிறி, எல்லாமே செம்மை பாய்ந்துவிடும். இரண்டாம் முறை மூன்றாம் முறை ஓட்டும்போது நாயகியின் பச்சைச் சேலை பழுப்பாகியிருக்கும். விளக்கைப் பொறுத்தும் மாறும். எங்கள் ஊரில் பார்த்த நிறமும் மதுரையில் பார்த்த நிறமும் ஒன்றல்ல. ஆகவே 'அசல் நிறம் இதுதான்' என்று அடித்துச் சொல்ல என்னாலேயே முடியாது, நான் பெட்டியறையில் நின்றவன். தோலின் நிறம் இயல்பாக இருக்கிறதா, வேட்டி வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா, இரவுக் காட்சியில் ஆள் தெரிகிறாரா என்று எழுதுங்கள். இவற்றை யாரும் பார்த்துச் சொல்லலாம்.

ஒளிப்புள்ளி (சென்னை)

ஐயா சொல்லும் நிற எச்சரிக்கையை ஏற்கிறேன். நிலைப்படத்தை விடுவதாக இல்லை. ஓடும் படத்தைப் பார்த்து எழுதுகிறவர் எந்தப் பெட்டியில் பார்த்தார் என்பது யாருக்குத் தெரியும்? பல வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி கடையில் இருந்த அமைப்பிலேயே இருக்கிறது. நீலம் தூக்கலாக, கூர்மை உச்சத்தில், அசைவை வழவழப்பாக்கும் வசதி எப்போதும் இயங்கிக்கொண்டு. அதில் எந்த வட்டைப் போட்டாலும் பழைய படம் நேற்று எடுத்த தொடர் போலத் தெரியும். பிறகு வட்டைத் திட்டி எழுதுவார்கள். 2019இல் பெட்டி தயாரிப்பாளர்கள் சேர்ந்து 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற அமைப்பைக் கொண்டுவந்ததே இந்தத் தொல்லைக்காகத்தான். அது இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் சினிமா என்று இருக்கும் அமைப்பைப் போட்டு, அசைவு வசதியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எத்தனை அங்குலப் பெட்டி, எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

நான்காம்வரிசை (கோவில்பட்டி)

அருமையாகப் போகிறது. என் பங்குக்கு, மூன்று படம் ஒரே வட்டில் என்று விற்றார்களே, அதைப் பற்றி. மோசர் பேயர் நிறுவனம் 2007 வாக்கில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோது திருட்டு விசிடி வாங்கிய பலர் அசல் வட்டுக்கு மாறினார்கள். விலை குறைந்ததை நான் வரவேற்றவன், இன்றும் வரவேற்பேன். ஆனால் அந்தக் காலத்தில் பல நிறுவனங்களும் ஒரே வட்டில் இரண்டு, மூன்று படங்களைத் திணிக்கும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன.

ஓர் அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, ஈரடுக்கு 8.5 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை ஈரடுக்கில் தனியாக வைத்தால் நொடிக்கு ஏழரை மெகாபிட் தரவு கிடைக்கும். ஓர் அடுக்கில் வைத்தால் நான்கு. அதே ஓர் அடுக்கில் மூன்று படங்களைத் திணித்தால் 1.4தான். அதிலும் ஒலிக்குப் போக மீதிதான் படத்துக்கு. மழைக் காட்சி, கூட்டக் காட்சி, வயல்வெளி எல்லாம் சதுரம் சதுரமாக உடைவது இதனால்தான். பிலிம் நன்றாக இருந்தும் வட்டில் கெட்டுப்போகிறது. ஆகவே வட்டைக் கணினியில் போட்டு மொத்த அளவைப் பார்த்து எழுதுங்கள். 4.37க்குள் காட்டினால் ஓர் அடுக்கு. 7.9 வரை போனால் ஈரடுக்கு. கணினி கணக்கிடும் முறை வேறு என்பதால் எண் குறைவாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

உதட்டசைவு (மதுரை)

எனக்குச் சிறு வயது முதல் செவித்திறன் குறைவு. இத்தனை பேர் இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறீர்கள், ஒருவரும் படத்தின் அடியில் வரும் வசன வரிகளை (சப்டைட்டில்) பற்றிச் சொல்லவில்லை. எனக்கு ஒரு வட்டு வாங்கத் தகுந்ததா என்பதை முடிவு செய்வது அது ஒன்றுதான்.

தமிழ்ப் பட டிவிடிகளில் ஆங்கில வரிகள் இருக்கும், தமிழ் வரிகள் இருக்காது. தமிழே தாய்மொழியான எனக்குத் தமிழ்ப் படத்தை ஆங்கிலத்தில் படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஆங்கில வரிகளும் பாட்டு வந்தவுடன் நின்றுவிடும். பாட்டில்தானே காதலைச் சொல்கிறான், பிரிவைச் சொல்கிறாள்? ஐந்து நிமிடம் வாயசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். வசனத்தைப் பாதியாகச் சுருக்கி மொழிபெயர்ப்பதும் உண்டு. நீளமான வசனத்துக்குப் பேர்போன நடிகர் மூச்சுவிடாமல் பேசுவார், கீழே நான்கு சொற்கள் வந்து போகும். கதவு தட்டும் ஒலி, பின்னால் அழும் குரல், இடி, இவற்றை அடைப்புக்குறிக்குள் எழுதிக் காட்டும் வரிகள் வெளிநாட்டு வட்டுகளில் பல ஆண்டுகளாக இருக்கின்றன.

நீங்கள் விமர்சனம் எழுதும்போது தயவுசெய்து இவற்றையும் பாருங்கள். வரிகள் உண்டா, எந்த மொழியில், பாட்டுக்கும் உண்டா, படத்தின் மேலேயே அழிக்க முடியாமல் அச்சிட்டதா அல்லது வேண்டாதபோது நிறுத்தலாமா, வெள்ளைச் சட்டையின் மேல் வெள்ளை எழுத்து விழுந்து படிக்க முடியாமல் போகிறதா, உதடு அசைந்து முடிந்த பிறகு வரி வருகிறதா. காது கேட்பவர்களுக்கு ஒரு பாட்டு முழுக்கப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

பனிவெளி (டொரொன்டோ)

உதட்டசைவு, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு அலமாரியில் இருந்து எடுத்துப் பார்த்தேன். பாட்டுக்கும் வரிகள் உள்ள தமிழ் இறுவட்டுகள் மிகக் குறைவாகவே இருக்கின்றன. எவை என்று தனியாக ஒரு பட்டியல் எழுதி இங்கே போடுகிறேன்.

தெருமுனை (சேலம்)

படத்தைப் பற்றி எழுத வேண்டும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. இங்கே எழுதுவது பரவி நாலு பேர் படிக்கத் தொடங்கினால், நிறுவனங்களே இலவசமாக வட்டு அனுப்பும். அப்போது என்ன செய்வீர்கள்? அமெரிக்காவில் 2009இலேயே அரசின் வணிக ஆணையம், இலவசமாகப் பெற்றதைப் பற்றி எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டு நெறி வெளியிட்டது. இந்தியாவிலும் 2022இல் இணைய நுகர்வோர் விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலை வந்தது.

நான்காம்வரிசை (கோவில்பட்டி)

என் நிலை தெளிவானது. இலவசமாக வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். இலவச வட்டைப் பார்ப்பவர் இரண்டு மணி நேரத்தை மட்டும்தான் இழக்கிறார். வாங்கியவர் கேட்கும் கேள்வி வேறு: இந்த 600 ரூபாய்க்கு இது போதுமா, ஏற்கெனவே வைத்திருக்கும் டிவிடியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இந்த ப்ளூரேயை வாங்கலாமா? இந்தக் கேள்வி காசு கொடுத்தவர் மனத்தில்தான் எழும். மற்றவர்கள் பெற்றுக்கொள்வது அவரவர் விருப்பம். ஆனால் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

வாங்கியவர்கள் கையில் இன்னொரு வலிமையும் இருக்கிறது. இலவச வட்டு பெற்றவர் அது வந்த வாரம் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். வட்டு பத்து ஆண்டு கழித்து என்ன ஆனது என்பது வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். வார்னர் பிரதர்ஸ் 2006 முதல் 2008 வரை தயாரித்த டிவிடிகளில் சில உள்ளுக்குள்ளேயே சிதைந்து படிக்க முடியாமல் போனதை, வைத்திருந்தவர்கள்தான் தலைப்புத் தலைப்பாகப் பட்டியலிட்டுக் காட்டினார்கள். 2025இல் நிறுவனமே சிக்கல் இருப்பதை ஒப்புக்கொண்டு மாற்றுத் தர முன்வந்தது. ஆகவே எழுதிய பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே வட்டைப் போட்டுப் பார்த்து, பழைய பதிவின் கீழேயே ஒரு வரி சேருங்கள்.

பனிவெளி (டொரொன்டோ)

பேசிக்கொண்டே இருப்பதைவிட ஒன்றை எழுதிப் பார்க்கிறேன். தமிழ்ப் படம் அல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்துத் தமிழ்ப் படங்களுக்கும் இதே முறையில் எழுதுகிறேன்.

சத்யஜித் ராயின் அப்பு முப்படத் தொகுப்பு, கிரைட்டீரியன் வெளியீடு, ப்ளூரே, 2015. என் காசில் வாங்கியது, தள்ளுபடிக் காலத்தில் பாதி விலைக்கு. 55 அங்குலப் பெட்டி, பத்தடி தூரம், சினிமா அமைப்பு.

இந்தப் படங்களின் அசல் நெகட்டிவ் 1993இல் லண்டனில் ஒரு பிலிம் ஆய்வகத்தில் நடந்த தீவிபத்தில் சிக்கியது. கருகியதையும் உருகியதையும் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். பிறகு இத்தாலியின் பொலோன்யாவில் உள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா என்ற ஆய்வகம் அவற்றை மீண்டும் ஈரப்படுத்தி வளைவு நீக்கி, கையால் துளைகளைச் சரிசெய்து வருடியெடுத்தது. பாதேர் பாஞ்சாலியில் 40 விழுக்காடும் அபராஜிதோவில் 60 விழுக்காட்டுக்கு மேலும் அசல் நெகட்டிவிலிருந்தே கிடைத்தன. மீதியும் மூன்றாம் படமும் பிற பிரதிகளிலிருந்து. நான் பார்த்தவரை, முதல் படத்தில் சில காட்சிகள் அடுத்த காட்சியைவிடச் சற்று மென்மையாக இருக்கின்றன. காரணம் இதுவாக இருக்கலாம். உறுத்தவில்லை. பிலிமின் மணி அப்படியே இருக்கிறது, யாரும் வழித்தெடுக்கவில்லை. முகங்கள் தோலாகவே தெரிகின்றன.

படம் திரைக்குரிய பழைய சதுர வடிவிலேயே இருக்கிறது, மேலும் கீழும் வெட்டவில்லை. பாதேர் பாஞ்சாலி 125 நிமிடம். ஒலி ஒற்றைத் தடம்தான், ஆறு தடமாக ஊதிப் பெருக்கவில்லை. ரவிசங்கரின் சிதார் ஓங்கும் இடங்களில் பழைய ஒலிப்பதிவின் இறுக்கம் கேட்கிறது. வட்டு அட்டையில் குறை சொல்ல எதுவுமில்லை. மண்டலம் ஏ. இந்தியாவும் இலங்கையும் ப்ளூரேயில் மண்டலம் சி என்பதால், அங்கே விற்கும் சாதாரணக் கருவியில் இது ஓடாது. எல்லா மண்டலமும் ஓடும் கருவி இருந்தால் மட்டும் வரவழையுங்கள்.

பழைய டிவிடி வைத்திருப்பவர் மறுபடி வாங்கலாமா? வாங்கலாம். தயங்க வேண்டாம்.

உதட்டசைவு (மதுரை)

நன்றி அக்கா. வசன வரிகள்?

பனிவெளி (டொரொன்டோ)

அதைத்தானே முதலில் எழுதியிருக்க வேண்டும்! ஆங்கிலம் மட்டும், விரும்பினால் நிறுத்தலாம். வெள்ளை எழுத்து, கறுப்பு ஓரத்தோடு, வெளிச்சமான காட்சியிலும் படிக்க முடிகிறது. ஆனால் இடி, மழை, கதவு ஒலி போன்றவற்றைக் குறிக்கும் வரிகள் இல்லை; பேச்சுக்கான மொழிபெயர்ப்பு மட்டுமே.

ஒளிப்புள்ளி (சென்னை)

நல்ல பதிவு. நிலைப்படம் இரண்டு சேர்த்தால் முழுமையாகும். மென்மையாகத் தெரிவதாகச் சொன்ன காட்சியையும் அதற்கு அடுத்ததையும் போடுங்கள்.

நான்காம்வரிசை (கோவில்பட்டி)

இதுதான் நான் எதிர்பார்த்தது, சகோதரி. அடுத்தது நான். ராஜராஜ சோழன் வட்டைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன். என்னிடம் இருப்பதில் தணிக்கைச் சான்றிதழ் இல்லை, உறையிலும் நேரம் அச்சிடவில்லை. அகலத்திரை அளவு சரியாகத்தான் தெரிகிறது. பாட்டு ஏதும் விடுபட்டிருக்கிறதா என்பதில்தான் ஐயம். அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் பாட்டு வரிசை உள்ள பக்கத்தைப் படமெடுத்துப் போட முடியுமா?

கார்பன்விளக்கு (திண்டுக்கல்)

என்னிடம் இருந்ததைப் பேத்தி எங்கே வைத்தாள் என்று கேட்க வேண்டும். கிடைத்தால் நாளை போடுகிறேன். அதற்குள் வட்டில் வலது மேல் மூலையில் புள்ளி வருகிறதா என்று பார்த்து வையுங்கள், ஏறக்குறைய பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறையா, இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள் தம்பி. எந்த ரீலில் குறைகிறது என்று அதிலிருந்து பிடித்துவிடலாம்.